கயிற்றை இடுப்பில் கட்டாதீர்கள்!

(வெள்ள மீட்புப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களும், வியாபாரப் பெருமக்களும் கலந்துகொண்ட காஞ்சிபுரம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

வீர உரை ஒன்றை எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கலாம். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் நம் பிள்ளைகள் ஆற்றிய தொண்டைப் பற்றி எல்லா மேடைகளிலும் பேசியாகிவிட்டது. பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டோம். சோறு ஆக்கிப் போட்டோம். படகு கொண்டுவந்தோம். யார் எவர் என்று பார்க்காமல் தூக்கிச் சுமந்தோம். எல்லாம் உண்மை. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் அந்த மேடைகளில் நான் சொல்லாமல் விழுங்கிய ஒரு செய்தி இருக்கிறது. அதை இன்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களில் ஒருவரையும் இந்தப் பயிற்சிக்கு அனுப்ப என் மனம் ஒப்பவில்லை.

2015 நவம்பர் மாதம். வேகவதியின் கரை. விடாத மழை. அக்கரையில் ஒரு வீட்டுக் கூரையின் மேல் வயதான அம்மா ஒருவரும் இரண்டு பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே முப்பது முப்பத்தைந்து அடி அகலத்திற்குத் தண்ணீர். நாங்கள் ஏழு பேர். எங்களில் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவர் கிணற்று நீச்சலில் கெட்டிக்காரர். "நான் போகிறேன் ஹஜ்ரத்" என்றார். ஒரு நைலான் கயிற்றை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினோம். முடிச்சுப் போட்டது நான்தான். மாடு கட்டுவதுபோல இறுக்கிப் போட்டேன். அவிழ்ந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

அந்தப் பிள்ளை பாதி தூரம் போனார். கால் தட்டியது. தண்ணீர் அவரை இழுத்தது, நாங்கள் கரையிலிருந்து கயிற்றை இழுத்தோம். அப்போது நடந்ததை என்னால் மறக்க முடியாது. நாங்கள் இழுக்க இழுக்க அவர் உள்ளே போனார். தலை வெளியே வரவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஒருவரைக் கயிற்றால் கட்டி நிறுத்தினால் தண்ணீர் அவர் முதுகின் மேல் ஏறி அவரைக் கீழே அமுக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தோம்! எங்களோடு இறைச்சிக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் இருந்தார். அவர் மடியில் கத்தி இருந்தது. ஒரு சொல்லும் பேசாமல் கயிற்றை அறுத்துவிட்டார். "அடப்பாவி!" என்று நான் கத்தினேன். அடுத்த நொடியே அந்தப் பிள்ளையின் தலை மேலே வந்தது. இருநூறு அடி தள்ளி ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

அந்த அம்மாவையும் குழந்தைகளையும் ஒரு மணி நேரத்திற்குள் தீயணைப்புத் துறையினர் படகில் வந்து இறக்கிவிட்டார்கள். எங்களால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும் சில வாரங்கள் கழித்து ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

சட்டம் தெரியும்; வழி தெரியாது

சகோதரர்களே! மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் படிக்கும்போது எங்களுக்கு ஒரு சட்டம் கற்றுத் தந்தார்கள். ஒருவர் தொழுதுகொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒருவர் நீரில் மூழ்குகிறார். காப்பாற்றும் சக்தி உள்ளவர் தொழுகையை முறித்துவிட்டுப் போய்க் காப்பாற்ற வேண்டும். தொழுகையைப் பிறகு தொழுதுகொள்ளலாம், போன உயிர் திரும்பாது. எத்தனையோ ஜும்ஆ பயானில் இதைப் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். "காப்பாற்றும் சக்தி உள்ளவர்" என்ற நிபந்தனையை மட்டும் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். வேகவதிக் கரையில் நின்றபோது எனக்குச் சட்டம் தெரிந்திருந்தது. சக்தி இல்லை. சக்தி என்பது கை பலமும் நெஞ்சுத் துணிவும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அறிவும் அதில் ஒரு பகுதி.

இன்னொன்று. நீரில் மூழ்கி இறப்பவருக்கு மார்க்கத்தில் உயர்ந்த தகுதி சொல்லப்பட்டிருக்கிறது. துயரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நம் வாலிபர்கள் சிலர் அதைத் தைரியத்திற்கு மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள். "ஷஹீத் ஆனால் ஆகட்டும் ஹஜ்ரத்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். தம்பி! உன் உம்மாவைக் கேட்டுவிட்டு வந்து சொல். தெரிந்தே உயிரை அழிவில் போடுவதற்கு மார்க்கம் யாருக்கும் அனுமதி தரவில்லை. நீ மூழ்கினால் உன்னைத் தேட நான்கு பேர் குதிப்பார்கள். அவர்கள் கணக்கு யார் தலையில்?

இது வெறும் பேச்சல்ல. 2022 ஜூன் 5ஆம் தேதி கடலூர் மாவட்டம் கீழ்அருங்குணம் அருகே கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். முதலில் தத்தளித்தது ஓரிருவர்தான். மற்றவர்கள் காப்பாற்றப் போனவர்கள். 2023 ஏப்ரல் 5ஆம் தேதி சென்னை மூவரசம்பட்டு கோயில் குளத்தில் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் இறந்தார்கள். அங்கேயும் அப்படித்தான், ஒருவரைப் பிடிக்கப் போய் அடுத்தவர், அவரைப் பிடிக்கப் போய் இன்னொருவர். இவை இரண்டும் தேங்கிய தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். தேங்கிய தண்ணீருக்கே இந்தக் கதி என்றால், ஓடுகிற தண்ணீரைப் பற்றி என்ன சொல்வது?

ஆற்றின் கணக்கு

நம் ஊர் ஆற்றுக்கு முன்னோர் வைத்த பெயரே வேகவதி. வேகம் உடையவள். இந்த நகரின் தல புராணத்திலும் அந்த நதி ஆவேசமாகப் பாய்ந்து வந்த கதையைத்தான் சொல்கிறார்கள். நமக்கு அது சாக்கடையாகவே பழகிவிட்டது. பாலாறும் அப்படித்தான். நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடந்து 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு. ஆனால் நம்மில் பலர் அதில் கண்டதெல்லாம் மணலும் முள்ளும்தான். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடக்கும் ஆற்றின் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆற்றைப் பற்றிய பயம் எங்கிருந்து வரும்?

1903 நவம்பரில் இதே பாலாறு வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. நம் வியாபாரச் சமூகத்தின் பழைய ஊர் அது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேல் கழித்து, 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. ஒரு கன அடி என்பது 28 லிட்டர். அப்படியானால் ஒரு நொடிக்கு 28 லட்சம் லிட்டர். எடையில் 2,800 டன். நீங்கள் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி முடிப்பதற்குள் அத்தனை டன் உங்களைக் கடந்து போகிறது.

வேகத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். வியாபாரிகளுக்கு இது எளிதில் புரியும், கூட்டு வட்டி மாதிரி. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அரை அடி ஆழம் வேகமாக ஓடினாலே ஒரு ஆளைச் சாய்த்துவிடும். ஒரு அடித் தண்ணீர் சிறிய காரை மிதக்க வைக்கும். இரண்டு அடி வந்தால் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்போது "முழங்கால்தானே" என்று வண்டியை இறக்குகிறவர்கள் ஆழத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இனி நம் ஆற்றுக்கே உரிய மூன்று ஆபத்துகளைச் சொல்கிறேன். பயிற்சியாளர் வேறு ஊர்க்காரராக இருப்பார். இவற்றை நீங்கள்தான் அவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதலாவது, சீமைக் கருவேலம். ஆற்றுப் படுகை முழுவதும் அது மண்டிக் கிடக்கிறது. வெள்ளம் வரும்போது கிளைகளுக்கு ஊடே தண்ணீர் போய்விடும், மனிதன் போக மாட்டான். வடிகட்டியில் தேயிலை தங்குவதுபோல அங்கே தங்கிவிடுவான். பின்னால் வரும் தண்ணீர் முழுவதும் அவன் முதுகில் அழுத்தும். முள்வேலி, விழுந்த மரம், பாலத் தூணில் சிக்கிய குப்பை, கம்பி வேலி எல்லாம் இதே வகைதான். அதைக் கண்டால் விலகி நீந்த வேண்டும். விலகவே முடியாத நிலை வந்தால் தலை முன்னே இருக்கும்படி வேகமாக நீந்தி அதன் மேல் ஏறிவிட வேண்டும். அடியில் நுழைய விடக் கூடாது.

இரண்டாவது, மணல் அள்ளிய பள்ளம். இதைப் பற்றி அதிகம் சொன்னால் அரசியல் பேசுகிறேன் என்பீர்கள். மேலே சமமாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் ஓராள் இரண்டாள் ஆழத்திற்குப் பள்ளம் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று பள்ளம் தோண்டியவனுக்கு மட்டும்தான் தெரியும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது, தடுப்பணை. பார்க்க அழகாக இருக்கும். வெள்ளை நுரையோடு வழியும். குடும்பத்தோடு போய்க் குளிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஆனால் சுவரின் மேல் வழிந்து விழும் தண்ணீர் கீழே போய்ச் சுருண்டு, மறுபடியும் சுவரை நோக்கியே திரும்பி வருகிறது. அதில் விழுந்த மரக்கட்டை மணிக்கணக்கில் அங்கேயே சுழன்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மனிதனும் அப்படித்தான் சுழல்வான். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பும் சரியாக மிதக்காது. அணையின் அடியில் விழுந்தவரை நீந்திப் போய் யாரும் எடுக்க முடியாது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கயிறு எறியலாம், கருவியுள்ள குழுவை அழைக்கலாம்.

நீந்துவது கடைசி வழி

உலகம் முழுவதும் இந்தப் பயிற்சியில் சொல்லித் தரும் வரிசை ஒன்றுதான். முதலில் கரையிலிருந்து கூப்பிட்டு வழி சொல். முடியாவிட்டால் கம்பு, கழி எதையாவது நீட்டு. அதுவும் முடியாவிட்டால் கயிறு எறி. அதன் பிறகு படகு. எதுவுமே இல்லாதபோது, பயிற்சி பெற்றவன், உயிர்காப்பு மிதவை அங்கி அணிந்தவன், கீழ்ப்புறத்தில் தன்னைப் பிடிக்க ஆள் நிற்கும்போது மட்டும் தண்ணீரில் இறங்கலாம். நாம் இத்தனை காலமும் இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்திருந்தோம்.

தண்ணீர் இழுத்துக்கொண்டு போனால் எழுந்து நிற்க முயலாதீர்கள். நம் இயல்பு அதைத்தான் செய்யச் சொல்லும். கால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கினால் தண்ணீர் உங்களை முன்பக்கம் மடக்கிவிடும். முழங்கால் ஆழத்துக்கு மேல் இருந்தால் மல்லாந்து படுங்கள். கால்கள் தண்ணீர் போகும் திசையில், பாதம் மேலே தெரியும்படி. வரும் பாறையைக் காலால் உதைக்கலாம். கரை சேர வேண்டுமானால் நேர் குறுக்கே நீந்தாமல், தலையைச் சேர வேண்டிய கரைப் பக்கம் சாய்வாகத் திருப்பி, தண்ணீரையே தள்ள விடுங்கள். படித்தால் புரியாது. தண்ணீரில் நான்கு முறை செய்தால் உடம்புக்குப் புரியும். பயிற்சி என்பதே அதற்குத்தான்.

எறிகயிற்றுப் பை என்று ஒன்று தருவார்கள். மிதக்கும் கயிறு, பதினைந்து இருபது மீட்டர், ஒரு சிறு பைக்குள் இருக்கும். கயிற்றைச் சுருட்டி வைக்கக் கூடாது. பிடிப்பிடியாக உள்ளே திணித்துக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் சிக்கில்லாமல் வெளியே ஓடும். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. ஒரு இழை சிக்கினால் முழுப் பாவும் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரியும். எறியும் முன் கூப்பிட்டு அவர் கண்ணைப் பிடியுங்கள். அவருக்குச் சற்றுத் தாண்டி விழும்படி எறியுங்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பிடித்தவுடன் உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் கஷ்டப்பட்டு இழுக்க வேண்டியதே இல்லை, தண்ணீரே அவரை ஊசல் போல ஆட்டிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இடுப்பில் கட்டுவது? அதற்கென்றே ஒரு இழுப்பில் கழன்றுவிடும் பட்டை வைத்த தனி மிதவை அங்கி உண்டு. அதுவும் பயிற்சி பெற்றவருக்கு மட்டும். வேறு எந்தக் கயிற்றையும் எந்த மனிதனின் உடம்பிலும் கட்டாதீர்கள். இதை மட்டும் இந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குப் போதும்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது எல்லாம் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. நேரம்தான் வீணாகும். மூச்சில்லாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சைக் கொடுக்க வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு. 108க்கு இன்னொருவர் பேசட்டும்.

போவதற்கு முன்

2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைக்கப்பட்டபோது அதன் நான்காவது பட்டாலியன் நமக்குப் பக்கத்தில், அரக்கோணத்தில்தான் அமைந்தது. அடுத்த வீட்டில் ஆசான் இருக்க, நாம் ஒன்றும் கற்காமல் இருந்தோம். 2016இல் தொடங்கிய 'ஆப்த மித்ரா' திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்தார்கள். 2021இல் அதை 350 மாவட்டங்களுக்கு, 1 லட்சம் பேருக்கு என்று விரித்தார்கள். 18 வயது முதல் 40 வயது வரை. அந்தச் சுற்றறிக்கைகள் நம் ஜமாஅத்துகளின் அறிவிப்புப் பலகைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. குற்றம் நம்முடையதுதான். எனக்கு வயது கடந்துவிட்டது. கரையில் விசில் ஊதும் வேலையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

தம்பிகளே! ஆஸ்துமா, வலிப்பு, காதில் சீழ், தோள் மூட்டு விலகியது, இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். மருத்துவரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காலில் புண் இருந்தால் ஆற்றிக்கொண்டு வாருங்கள். கைலி வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். உடம்போடு ஒட்டிய கால்சட்டை, கயிறு கட்டிய ஷூ. செருப்பு முதல் அடியிலேயே போய்விடும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அதில் தண்ணீர் புகுந்தால் கழுத்தை இழுக்கும். துளை வைத்த தனித் தலைக்கவசம் அங்கே தருவார்கள். மோதிரம் கழற்றுங்கள். கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. அது என்ன கயிறு, யார் ஓதிக் கட்டியது என்பதையெல்லாம் வேறு கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்!

பயிற்சியாளர்கள் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசக்கூடும். நில், வா, மேலே, கீழே, இடது, வலது ஆகிய சொற்களையாவது தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றுதான் இடக்கரை வலக்கரை சொல்ல வேண்டும். வெள்ளத்தின் இரைச்சலில் பேச்சு கேட்காது. உச்சந்தலையில் கை வைத்தால் 'நலம்' என்று பொருள். மூன்று முறை விடாமல் விசில் ஊதினால் ஆபத்து.

தலைவர் ஒருவர்தான். நம்மிடம் உள்ள பெரிய நோய் இதுதான். ஏழு பேர் போனால் ஏழு தலைவர், ஏழு செல்போன், ஏழு நேரலை. ஜமாஅத் தொழுகையில் ஒரு இமாமுக்குப் பின்னால் ஆயிரம் பேர் அசையாமல் நிற்கிறோமே, ஆற்றங்கரையில் அது எங்கே போகிறது? மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, தீயணைப்பு 101, பொது அவசரம் 112. அவர்களுக்குச் சொல்லாமல் இறங்காதீர்கள். அவர்கள் "கரையில் நில்லுங்கள்" என்றால் நில்லுங்கள். நின்றவனுக்கும் கூலி உண்டு.

பெண்களைத் தொட்டுத் தூக்கலாமா என்று இரண்டு பேர் தனியே கேட்டார்கள். நல்ல கேள்வி, கேட்டதில் தவறில்லை. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் அந்தத் தடை நிற்காது. தயங்காமல் தூக்குங்கள். கரை சேர்ந்ததும் போர்த்திக்கொள்ள ஒரு துணியைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். படம் எடுக்கிறவனை விரட்டுங்கள்.

வியாபாரப் பெருமக்களிடம் ஒரு வழக்கு

இப்போது முன்வரிசையில் இருப்பவர்களிடம் வருகிறேன். பெயர் கொடுத்த இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் உங்கள் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்கள். பயிற்சி நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். "போய்விட்டு வா, சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம்" என்பது விடுப்பு அல்ல. ஒரு தம்பி என்னிடம் வந்து, "முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் ஹஜ்ரத், ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வரட்டுமா?" என்றார். பொய் சொல்லி ஒரு நன்மைக்குப் போகும் நிலையில் அவரை நாம் வைத்திருக்கிறோம். அந்த முதலாளி யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்.

ஓட்டுநர்களுக்கு ஒரு சொல் சொல்லி வையுங்கள். சரக்கு ஒரு நாள் தாமதமானால் பரவாயில்லை, தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதே என்று. "எப்படியாவது வந்து சேர்" என்று போனில் சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வதில் பொருளில்லை.

பட்டு வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று இருக்கிறது. 2021 மழையில் ஒரு தெருவில் வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியேறச் சொன்னோம். ஒரு நெசவாளர் மட்டும் வர மறுத்தார். நம் சமுதாயத்தவர் அல்ல, அதனால் என்ன? குழித்தறியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. தறியில் மூன்று சேலைக்கான பாவு. கட்டிலின் மேல் கட்டில் போட்டு, அதன் மேல் நூலையும் ஜரிகையையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். மனைவி அழுகிறார். "உயிர் பெரியதா, பட்டு பெரியதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்: "பட்டு என்னுது இல்லீங்க பாய். எனக்குச் சொந்தமா இருந்தா எப்பவோ விட்டுட்டு வந்திருப்பேன்."

நான் வாயடைத்து நின்றேன். அவர் நாணயமானவர். அந்த நாணயம்தான் அவரைத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தது. நனைந்த பாவுக்குக் கூலியில் எத்தனை மாதம் பிடிப்பார்கள் என்ற கணக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அந்தச் சரக்குக்கு உரியவரிடம் போனில் பேசி, "விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், நான் பிடிக்க மாட்டேன்" என்று அவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் அந்த மனிதர் வாசல்படி தாண்டினார். எந்த மிதவை அங்கியும் செய்யாத வேலையை அந்த ஒரு போன் செய்தது.

ஆகவே உங்களிடம் பணம் கேட்பதற்கு முன் இதைக் கேட்கிறேன். ஐப்பசி பிறப்பதற்கு முன், உங்களிடம் பாவு வாங்கி நெய்யும் ஒவ்வொருவரிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: வெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா, கூலியில் ஒரு காசு பிடிக்க மாட்டேன். முடிந்தால் எழுதிக் கொடுங்கள். பாவையும் நூலையும் மழைக்கு முன்பே மேட்டுப் பகுதிக்கு மாற்ற ஒரு கிடங்கு பார்த்துக் கொடுங்கள். பழையசீவரத்துக்கு எதிரே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அங்கே நடந்ததையும், என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்ற பட்டியலையும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நோய் வந்த பிறகு மருந்து தேடவில்லை, பாருங்கள். அந்த மூன்று ஆறுகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம்.

இனிப் பணம். மிதவை அங்கிகள், தலைக்கவசம், எறிகயிறு, விசில் வாங்க வேண்டும். ஜகாத் பணத்தைத் தொடாதீர்கள், அதற்கு உரியவர்கள் எட்டு வகையினர் இருக்கிறார்கள். இது தனி நன்கொடை. விலை மலிவு என்று விளையாட்டுப் படகில் மாட்டிவிடும் அங்கியை வாங்கிவராதீர்கள். மீட்புப் பணிக்கு ஏற்ற தரம் எது என்று பயிற்சியாளரிடமே கேட்டு வாங்குவோம். முதுகில் கடையின் பெயரை அச்சடிக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினார். இயக்கத்தின் பெயரைப் போட வேண்டும் என்று நம்மவர்களிலேயே சிலர். இரண்டும் வேண்டாம். மூழ்குகிறவன் அதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில், அன்று நம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் பெய்தது 49. அதற்கே முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன பாடுபட்டன என்று கண்ணால் கண்டோம். காயலில் பெய்தது அதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது காஞ்சியில் பெய்யாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வரும் புதன்கிழமை மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் பின்புறத் திடலில் கயிறு எறியும் பழக்கம் தொடங்குகிறோம். எறிகயிற்றுப் பை வரும்வரை, ஒரு லிட்டர் காலி பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி, அதன் கழுத்தில் கயிறு கட்டி எறிந்து பழகலாம். ஐம்பது அடி தள்ளி ஒரு குடம் வைப்போம். பத்து எறிக்கு ஏழு முறை குடத்தைத் தாண்டி விழ வேண்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். உம்மாவிடம் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு வாருங்கள். இறைச்சிக் கடைச் சகோதரரும் வருகிறார். கத்தியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.